பிறப்பியல் நோக்கில் மழலை: குழந்தையின் பேச்சு வளர்ச்சிக்குத் துணைநிற்றல்

ஆய்வுச் சுருக்கம்

மழலையைப் பிழையாகக் கருதித் திருத்துவதா, வளர்நிலையாகக் கருதித் துணைநிற்பதா என்னும் வினாவை இக்கட்டுரை தொல்காப்பியப் பிறப்பியலின் ஒலிப்பு விளக்கத்தைக் கொண்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பிறப்பியல், மழலை, ஒலிப்பு முயற்சி, மறுமொழி, பேச்சுத் தாமதம்

முன்னுரை

குழலினும் யாழினும் இனியது மழலை என்பது வள்ளுவர் கருத்து (குறள் 66). ஆயினும், 'குழந்தைக்கு ழகரம் வரவில்லை' என்னும் கவலை இல்லங்களிலும் மழலையர் பள்ளிகளிலும் மூன்று வயதிலேயே எழுந்துவிடுகிறது. அக்கவலை எவ்விடத்தில் பொருந்தும், எவ்விடத்தில் பொருந்தாது எனப் பகுத்தறிதல் தேவையாகிறது.

ஒலிப்பு முயற்சியும் மழலையும்

பிறப்பியல் குழந்தைப் பேச்சைப் பற்றியதன்று; எழுத்துகளின் பொதுவான பிறப்பையே அது கூறுகிறது. எனினும் அதன் பகுப்பு மழலையை விளங்கிக்கொள்ளத் துணைசெய்கிறது. அகர ஆகாரங்கள் வாய் திறத்தலாலும், பகர மகரங்கள் இதழ்கள் பொருந்துதலாலும் பிறக்கின்றன. இவ்விரு முயற்சிகளும் மாறி நிகழ 'அம்மா', 'அப்பா' என்னும் சொற்கள் அமைகின்றன. இதழசைவு குழந்தையின் கண்ணுக்கும் புலனாகும். ரோமன் யாக்கோப்சன் 1941இல் வெளியிட்ட நூலில், குழந்தை மொழியின் தொடக்கத்தில் திறந்த உயிரையும் இதழொலியையுமே வைத்தார்.

ரகர ழகரங்களோ நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பவை. தொடுவதைவிட வருடுவதற்கு நுண்ணிய நாக்கட்டுப்பாடு வேண்டும்; நாவின் நிலையும் வாயினுள் மறைந்திருக்கும். ஆகவே 'பழம்' என்பது 'பயம்' அல்லது 'பளம்' எனவும், 'ராஜா' என்பது 'லாஜா' எனவும் ஒலிப்பதில் வியப்பில்லை. 'காக்கா' 'தாத்தா' ஆகும்போது அடிநாவில் பிறக்கும் ஒலி நுனிநாவுக்கு நகர்கிறது. இவை ஒழுங்குடைய மாற்றங்களேயன்றித் தாறுமாறான பிழைகள் அல்ல.

திருத்தமும் மறுமொழியும்

வாழைப்பழத்தைச் சுட்டிப் 'பயம்' என்னும் குழந்தையை 'ழ சொல்லு' என வற்புறுத்தினால் உரையாடல் முறிகிறது. பழம் கேட்ட குழந்தைக்குத் தேர்வு கிடைக்கிறது. 'ஆமா, பழம். மஞ்சள் பழம். உரிச்சுத் தரட்டுமா?' என்னும் மறுமொழியில் திருந்திய வடிவம், அடைச்சொல், வினை, வினா ஆகிய நான்கும் குழந்தையின் செவிக்கு எட்டுகின்றன. அதன்பின் சில நொடிகள் காத்திருந்தால் குழந்தை பேச இடம் கிடைக்கும்.

படநூலைக் காட்டும்போது 'இது என்ன?' என்பதோடு நின்றால் பெயர்ச்சொற்களே விடையாகும். 'பாப்பா என்ன பண்றா?', 'அப்புறம் யார் வந்தாங்க?' என்னும் வினாக்கள் வினைமுற்றை வருவிக்கும். தமிழ் வினைமுற்று காலத்தையும் திணை, பால், எண், இடங்களையும் ஒருங்கே காட்டுவதால், ஒவ்வொரு வினையாடலும் இலக்கணப் பயிற்சியாகிறது.

பேச்சுத் தாமதம்

ஒலித் திரிபு வேறு, பேச்சுத் தாமதம் வேறு. பதினாறு மாதத்தில் தனிச்சொல்லும், இரண்டு வயதில் 'அம்மா வா' போன்ற இருசொல் தொடரும் தோன்றாவிடில் செவித்திறன் சோதனையும் பேச்சு வல்லுநரின் மதிப்பீடும் வேண்டும். கற்ற சொற்களை இழத்தல் எவ்வயதிலும் உடனே கவனிக்கத்தக்கது. 'ஆண்பிள்ளை மெல்லத்தான் பேசும்' எனக் காலந்தாழ்த்துவது செவிக்குறையைக் கண்டறியாமல் விடுவதில் முடியலாம். இருமொழிச் சூழலைத் தாமதத்திற்குக் காரணமாக்கி வீட்டுமொழியைக் கைவிடுவதும் பொருந்தாது.

முடிவுரை

ழகரம் திருந்தக் காலம் உண்டு. கேளாச் செவிக்கும் தோன்றாச் சொல்லுக்கும் அவ்வாறு காத்திருத்தல் ஆகாது. முன்னதற்குப் பொறுமையான மறுமொழியும் பின்னதற்கு விரைந்த சோதனையும் உரியவை. இவ்வேறுபாட்டைப் பெற்றோருக்கும் மழலையர் பள்ளி ஆசிரியருக்கும் தெளிவுறுத்துவதில் தமிழ் ஒலியியல் ஆய்வுக்கும் பங்குண்டு.