நீர் சூழ்ந்த தீவும் நிலம் சூழ்ந்த குன்றும்

நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு எனப்படும் என்று பூகோளத்தில் படிக்கிறோம். உலகின் ஆரவாரம் எட்டாத இடமும் ஒருவகையில் தீவுதான் என்பதை இவ்வாண்டு இரண்டு இடங்களின் வாயிலாகக் கற்றுக்கொண்டோம். ஒன்றைப் புத்தகத்தில் கண்டோம். மற்றொன்றை நேரில் கண்டோம்.

முதலாவது, ஸ்காட்லாந்து நாட்டில் மென்டீத் ஏரியின் நடுவே உள்ள இஞ்ச்மஹோம் என்னும் சிறு தீவு. அந்நாட்டார் தம் ஏரிகளைப் பெரும்பாலும் 'லாக்' என்பர். இதையோ 'லேக்' என்று அழைப்பது ஒரு புதுமை. 1238-ஆம் ஆண்டில் வால்டர் கோமின் என்னும் பிரபு இத்தீவில் ஒரு துறவு மடத்தை நிறுவினார். புனித அகுஸ்தினாரின் ஒழுங்கைப் பின்பற்றிய துறவியர் அங்கே செபித்து வாழ்ந்தனர். தம் நாட்டின் விடுதலைக்காகப் போரிட்ட மன்னர் இராபர்ட் புரூஸ் 1306, 1308, 1310 ஆகிய ஆண்டுகளில் இம்மடத்திற்கு வந்து சென்றார்.

1547 செப்டம்பரில் பிங்கி என்னும் இடத்தில் நடந்த போரில் ஸ்காட்லாந்து ஆங்கிலப் படையிடம் தோற்றது. அப்போது அந்நாட்டின் அரசி மேரிக்கு வயது நான்கு! நம் பள்ளியின் சின்னஞ்சிறு தங்கையரின் வயதுதான். பகைவர் கையில் அகப்படாதிருக்க அக்குழந்தையை இத்தீவிற்குக் கொண்டுவந்தனர். ஏறக்குறைய மூன்று வாரங்கள் மடத்தின் சுவர்களும் ஏரியின் நீரும் அவருக்கு அரணாயின. மறு ஆண்டு அவர் பிரான்சு நாட்டிற்குக் கப்பலேறினார். இன்று அம்மடம் கூரையிழந்து நிற்கிறது. பயணிகள் படகில் சென்று அதன் அமைதியைத் துய்த்துத் திரும்புகின்றனர்.

"நமக்கு இப்படி ஓர் இடம் இல்லையே!" என்று ஏங்கினோம். எம் ஆசிரியை அருட்சகோதரி சிரித்தவாறே, "புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்துகொண்டா இப்படிக் கேட்கிறீர்கள்?" என்று கூறிக் குன்றாண்டார்கோவிலுக்கு அழைத்துச் சென்றார்.

வறண்ட சமவெளியின் நடுவே தீவு போல நிற்கிறது அக்குன்று. குன்றை ஆண்டவர் குடிகொண்ட இடமாதலின் ஊருக்கு இப்பெயர். திருக்குன்றக்குடி என்பது கல்வெட்டுகள் கூறும் பழம்பெயர். கி.பி. 8-ஆம் நூற்றாண்டில், பல்லவர்க்கு அடங்கி முத்தரையர் ஆண்ட காலத்தில், பாறையைக் குடைந்து இச்சிவன் கோயிலை அமைத்தனர். கல்லை அடுக்கிக் கட்டுபவர் தவறினால் வேறு கல் வைக்கலாம். குடைபவர் தவறினால் திருத்த வழியில்லை. வாயிற்காவலர் உருவங்களையும் சோமாஸ்கந்தர் சிற்பத்தையும் கண்டபோது அச்சிற்பிகளின் பொறுமையை எண்ணி வியந்தோம். முன்புறம் விஜயநகரக் காலத்து நூற்றுக்கால் மண்டபம், சக்கரங்களும் குதிரைகளும் பூட்டிய தேர் போல விளங்குகிறது.

அங்கேதான் அது நடந்தது. எங்களுள் ஒருத்தி கூரிய கல் ஒன்றை எடுத்துத் தூணில் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறத் தொடங்கிவிட்டாள். சகோதரி கடிந்துகொள்ளவில்லை. அவள் கையைப் பற்றி அழைத்துச் சென்று, கல்வெட்டு ஒன்றைப் பற்றி எடுத்துரைத்தார். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் இப்பகுதியில் ஓர் ஏரி வெட்டப்பட்டது. வெட்டுவித்தவன் பெயரால் அது வாலி ஏரி எனப்பட்டது.

"அவன் பெயர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக நிற்பது ஏன்? தாகம் தீர்த்தான், அதனால் ஊரார் எழுதி வைத்தார்கள். நீ என்ன செய்தாய் என்று இந்த எழுத்தைப் பார்ப்பவர் கேட்டால் என்ன சொல்வாய்?" என்றார்.

அவள் கண்கள் கலங்கின. எங்கள் தலைகளும் தாழ்ந்தன. கீறாதவர்களாகிய நாங்களும் அருகில் நின்று சிரித்துக்கொண்டுதானே இருந்தோம்! இத்தகைய நினைவுச் சின்னங்களைச் சிதைப்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் அன்று அறிந்தோம். சட்டத்தைவிட அந்தக் கேள்வியே எங்கள் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

தீவு ஒரு குழந்தையைக் காத்தது. குன்று ஒரு நற்செயலின் நினைவைக் காத்து வருகிறது. இவற்றைக் காப்பவர் யார்? நாம்தான். அன்புத் தங்கையரே, பழமையான இடத்திற்குச் செல்லும்போது கண்களால் காண்போம், கைகளால் கீறாதிருப்போம். பிறர் தாகம் தீர்க்கும் பணியால் நம் பெயர் நிற்க இறைவன் அருள்வாராக!