அவதானமும் செய்தியோடையும்

அவதானம் என்னுஞ் சொல் நம் நாட்டுத் தமிழரிடையே இன்றும் அன்றாட வழக்கிலுள்ளது. வீதியைக் கடக்கும் பிள்ளைக்குத் தாய் சொல்வதும் அதுவே. வகுப்பறையில் ஆசிரியர் வேண்டுவதும் அதுவே. நம் முன்னோர் அதனை ஒரு கலையாகவும் பயின்றனர். புலோலியிற் பிறந்து 1907இல் மறைந்த நா. கதிரைவேற்பிள்ளை அவர்கள் சதாவதானி எனப் போற்றப்பட்டமையை மூத்த பழைய மாணவர்கள் அறிவர். அவையிலுள்ளார் ஒருவர் பாட்டுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்கு வினாவுவார். ஒருவர் மணியை ஒலிப்பார். மற்றொருவர் முதுகிலே சிறு கற்களை எறிந்துகொண்டிருப்பார். அவை யாவற்றையும் உள்ளத்திற் கொண்டு, ஈற்றிலே பிறழாது விடையிறுத்தலே அவதானியின் திறம்.

இன்று கைத்தொலைபேசியைக் கையிலெடுத்தவுடன் நாமனைவரும் பயிற்சியில்லா அவதானிகளாகிவிடுகின்றோம். ஆயினும் ஒரு வேறுபாடுண்டு. அவதானியின் அவைக்கு எல்லையுண்டு. எட்டென்றால் எட்டு, நூறென்றால் நூறு. வினாக்கள் முடிந்தபின் அவை கலையும். சமூக ஊடகங்களின் செய்தியோடையோ முடிதலை அறியாதது.

இவ்வாராய்ச்சியில் யாம் புகுந்தமைக்குக் காரணம் ஒரு துயரமாகும். எம்முடன் ஒரே வாங்கில் ஏழாண்டுகள் அமர்ந்திருந்து கற்ற நண்பர் ஒருவர் காலமானார். அன்று காலையே எம் வகுப்பினரின் வட்ஸ்அப் குழுவில் மரண அறிவித்தல் இடப்பட்டிருந்தது. அதன்பின் பிறந்தநாள் வாழ்த்துக்கள், கிரிக்கெட் வாதம், மருத்துவக் குறிப்புக்கள், எங்கிருந்தோ வந்த நகைச்சுவைகள் என நூற்றுக்கு மேற்பட்டவை வந்து குவிந்தன. யாம் அவ்வறிவித்தலைக் கண்டது நான்காம் நாள். தகனம் முடிந்திருந்தது. கூப்பிடு தூரத்தில் வாழ்ந்த யாம் அந்தியேட்டிக்கே செல்ல இயன்றது. அவருடைய துணைவியார், “நீங்கள் வெளியூர் போயிருப்பீர்கள் என்று நினைத்தோம்” என்றார். ஊரிலேயே இருந்தோம் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. தொலைபேசியும் கையிலேதான் இருந்தது.

இவ்வெள்ளம் எவ்வாறு பெருகியது? முகநூலில் 2006ஆம் ஆண்டு செப்ரெம்பர் வரை ஒருவரது செய்தியை அறிய அவரது பக்கத்திற்கு நாமே செல்லல் வேண்டும். அம்மாதத்தில் எல்லாருடைய செய்திகளையும் ஒன்றுதிரட்டித் தானே கொணரும் ஓடை தொடங்கப்பெற்றது. பயனாளர் பலர் அன்று அதனை எதிர்த்தனர் என்பது இன்று வியப்பாயிருக்கின்றது. அதே ஆண்டில் ஏசா ரஸ்கின் என்பார், பக்கம் முடிவுறாது கீழே நீண்டுகொண்டே செல்லும் அமைப்பை வகுத்தார். பின்னாளில் அதற்காக அவரே வருந்தினார். நூலுக்கு அத்தியாயமுடிவு உண்டு. பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. இங்கே நிறுத்துமிடம் நீக்கப்பட்டது. 2016இல் ருவிற்றரும் இன்ஸ்ரகிராமும் கால வரிசையைக் கைவிட்டு, எது நம்மை ஈர்க்கும் எனக் கணித்து அதனை முன்வைக்கத் தலைப்பட்டன. எனவே முன்னே நிற்பது முதன்மையானது என்று கொள்ளுதல் பிழையாகும்.

உளவியலாரும் இதற்கொரு விளக்கந் தருவர். ஸ்கின்னர் என்னும் அமெரிக்க அறிஞர், வேர்ஸ்ரர் என்பாருடன் 1957இல் வெளியிட்ட ஆய்வில், புறாக்கள் பொத்தானைக் கொத்தும்போது எத்தனையாவது கொத்துக்கு இரை விழும் என்பது நிச்சயமற்றிருப்பின், அவை இடைவிடாது விரைந்து கொத்துவதைக் காட்டினார். விரலால் திரையைத் தள்ளும் நாமும் அடுத்தது எதுவோ என்றறியாமலே தள்ளுகின்றோம். (புறாவுக்கு இரையாவது உண்மையாகவே கிடைத்தது.) மேலும், பொருளியல் நோபல் பரிசைப் பின்னர் 1978இற் பெற்ற ஹேர்பேர்ட் சைமன், தகவல் உண்பது நமது கவனத்தையே என்றும், ஒன்று பெருகின் மற்றது அருகும் என்றும் 1971இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கினார். கைத்தொலைபேசி பிறவாத காலத்தில் அவர் இதனை உணர்ந்தமை போற்றற்பாலது.

மாணவர்கள் ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். இருநூறு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கொரு செய்தி வரின் நாளொன்றுக்கு 200. அத்தகைய குழுக்கள் ஐந்தாயின் 1,000. ஒன்றுக்கு ஐந்து விநாடி செலவிடினும் 5,000 விநாடி. அஃதாவது ஒரு மணி 23 நிமிடம். பரீட்சைக்குரிய ஒரு பாடத்தை நாள்தோறும் படிக்கப் போதிய நேரம் இது.

யாம் கைக்கொண்ட வழிகளைச் சொல்லுதும். முதலில் யாரைக் கேட்பது என்று தெரிந்தோம். முகநூலில் ஒருவரை நண்பராகவே வைத்துக்கொண்டு அவரது பதிவுகளை மட்டும் காணாது விடலாம். முப்பது நாளைக்கு ஒத்திவைக்கவும் இயலும். இதனால் உறவு முறிவதில்லை. அவருக்கு அறிவித்தலும் செல்வதில்லை. 2022 முதல் முகநூலிலும் இன்ஸ்ரகிராமிலும் கால வரிசையிற் காட்டும் தனிப் பகுதியும் உண்டு. சற்றுத் தேடியே அதனைக் காணவேண்டும்; அது தற்செயலன்று என்பது எம் எண்ணம்.

வட்ஸ்அப் குழுவிலிருந்து விலகுவதை நம்மவர் அவமதிப்பாகக் கருதுவர். 2022 முதல் விலகுவோரின் பெயர் நிருவாகிகளுக்கு மட்டுமே தெரிவிக்கப்படுகின்றதாயினும், யாழ்ப்பாணத்தில் அத்தகைய இரகசியம் எத்தனை நாள் நிலைக்கும்? ஆகவே ஒலியை அடக்கி, குழுவை ஒதுக்கிவைத்தலே அமையும். இரட்டை அம்புக்குறி தாங்கிவரும் செய்தி ஐந்து கைகளுக்குக் குறையாது கடந்து வந்தது. அதனை யாம் திறவாமலே விடுகின்றோம்.

இவற்றினும் பயன் தந்தது பிறிதொன்று. நிருவாகிகள் மாத்திரமே எழுதக்கூடிய குழுவொன்றைத் தனியே அமைக்கும் வசதி 2018 முதல் உண்டு. நண்பரின் அந்தியேட்டியன்று முற்றத்திலே இருந்து யாம் ஐவர் அதனை அமைத்தோம். மரணம், கடும் நோய், இரத்தம் தேவை, கல்லூரியின் பொதுக்கூட்டம் ஆகிய நான்கையன்றி வேறெதுவும் அங்கே இடப்படலாகாது. எம் தொலைபேசியில் ஒலியெழுப்ப உரிமைபெற்ற குழு அஃதொன்றே. பல நாட்கள் அது வாளாவிருக்கும். ஒலித்தால் எழுந்து சட்டையை மாட்டிக்கொள்கின்றோம்.

பழைய குழு பழையபடியே நடக்கின்றது. நாள்தோறும் பூக்களோடு காலை வணக்கம் அனுப்பும் எம் மைத்துனரும் சோர்வடையவில்லை. ஞாயிறு மாலையில் ஏழு நாட் பூக்களையும் ஒருமிக்கக் கண்டு, ஒரு மறுமொழி எழுதிவிடுகின்றோம்.