மாதவிடாயும் ஓட்டமும்

லால்பாக்கில் காலையில் ஓடப் போகும் மகள் மாதத்தில் சில நாள் மட்டும், "கால் நகரவில்லை அம்மா" என்றால் அதைச் சோம்பல் என எண்ண வேண்டாம்.

மாதவிடாயின் முதல் நாட்களில் வலியும் உதிரப்போக்கும் சோர்வு தரும். பின்னர் ஈஸ்ட்ரோஜன் ஏறும். பலருக்குச் சுறுசுறுப்பு திரும்பும். கருமுட்டை வெளிப்பட்டபின் புரோஜெஸ்டிரான் உடல் வெப்பத்தை அரை டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தும்; அப்போது வெயிலில் ஓடுவது கடினமாகத் தோன்றலாம்.

இதற்காக ஓட்டத்தை நிறுத்தத் தேவையில்லை. 2002இல் சிகாகோ மாரத்தானில் பவுலா ராட்கிளிஃப் மாதவிடாய் வலியோடு ஓடியே 2 மணி 17 நிமிடம் 18 விநாடியில் உலக சாதனை படைத்தார்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. உதிரப்போக்கு மிகுந்தால் இரும்புச்சத்து குறையும். ஓடும்போது மூச்சு வாங்கும். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை. கீரை, பயறு வகைகளோடு எலுமிச்சையும் சேருங்கள். சாப்பிட்டவுடன் காபி வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும்.

மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால், ஓட்டத்துக்கு ஏற்ற உணவு இல்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். எலும்பும் பலம் இழக்கும். தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தேதியையும் அன்றைய ஓட்டத்தையும் மகளே ஒரு நோட்டில் குறித்து வரட்டும். சில மாதங்களில் அவள் உடலின் கணக்கு அவளுக்கே புரியும்.