சிறுநீர்க் கசிவு: கூச்சம் தவிர்த்துச் சிகிச்சை பெறுக

இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிதல், கழிப்பறையை அடையுமுன் அடக்கவியலாமற் போதல் ஆகியன முதுமையின் விதியல்ல. பெரும்பாலும் சிகிச்சையால் தணிக்கத்தக்கவை. கசிவுக்கு அஞ்சி நீர் அருந்துவதைக் குறைத்தல் தீர்வாகாது. செறிந்த சிறுநீர் சிறுநீர்ப்பையை மேலும் உறுத்தும்.

தசைப் பயிற்சி: சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கி, சில விநாடிகளின் பின் தளர்த்துக. வேளைக்கு 8 முதல் 10 தடவையாக நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதங்கள் தொடர்க. சிறுநீர் கழிக்கும்போது இதனைச் செய்யலாகாது.

இடைவெளிப் பயிற்சி: கழிப்பறைக்குச் செல்லும் இடைவெளியைப் படிப்படியாக 15 நிமிடங்கள் வீதம் நீட்டுக.

மருந்துகள்: திடீர் உந்துதலைத் தணிப்பன. இவற்றுட் சில வாய் வறட்சி, மலச்சிக்கல், முதியோரிடத்து நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றை உண்டாக்கலாம். ஏனைய வழிகள் பயனளிக்காவிடின் ஊசிமருந்தும் அறுவைச் சிகிச்சையும் உள.

சிறுநீரில் குருதி, காய்ச்சலுடன் வலி, சிறுநீர் முற்றாக அடைபடல் ஆகியவற்றுக்கு உடனே மருத்துவ உதவி பெறுக.

மகனோ பேத்தியோ மொழிபெயர்க்க நேரிடின், பலர் இதனைச் சொல்லாமலே திரும்பிவிடுகின்றனர். சந்திப்பைப் பதியும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேளுங்கள். ஒன்ராறியோவின் 2004ஆம் ஆண்டுச் சுகாதாரத் தகவற் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொதுவாக உங்கள் இசைவின்றி மருத்துவர் குடும்பத்தாரிடம் விபரம் கூறலாகாது.

டோர்செட் பார்க் வாசிகள் 811ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தாதியரின் ஆலோசனை பெறலாம்; சமூக சேவைகள் பற்றி அறிய 211ஐ அழைக்கலாம்.