வேரும் அசையும்: இத்தாலியப் பாட்டு பழகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

இத்தாலியப் பாடல்கள் பழகத் தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். மெட்டுக்குப் போகுமுன் சொல்லைப் பிரித்துப் பார். அந்த மொழியில் பொருளுக்காகப் பிரிப்பது ஓரிடம், வாய்க்காகப் பிரிப்பது வேறிடம்.

உன் இசைத்தாளிலேயே ‘க்ரெஷெந்தோ’ என்று போட்டிருக்கும். ‘வளர்’ என்னும் பொருள் தரும் ‘க்ரெஷ்’ வேர், ‘எந்தோ’ விகுதி. அசை பிரித்தாலோ க்ரெ-ஷென்-தோ. வேரின் கடைசி மெய் அடுத்த அசைக்குப் போய்விடுகிறது. ‘ஸொஸ்தெனூதோ’வும் அப்படித்தான். அதில் ‘ஸொஸ்’ முன்னொட்டு. ‘பிடி’ என்னும் பொருளுள்ள ‘தென்’ வேர். ‘ரிதெனூதோ’வும், ஏன், ‘தெனோரே’ என்ற ஆண்குரலின் பெயரும் அந்த வேரில் பிறந்தவையே. ஆனால் பாடும்போது அது ஸொ-ஸ்தெ-நூ-தோ. ஸகரம் தனக்குப் பின்வரும் வேறு மெய்யோடு சேர்ந்தே போகும். முன்னொட்டு முடிந்ததென்று ‘ஸொஸ்’ஸில் நிறுத்திவிடாதே. நீளும் ஸ்வரம் முழுக்க உயிரில் நிற்கட்டும்.

இரட்டை மெய் மட்டும் நடுவே பிளந்து இரண்டு அசைக்கும் பங்காகும். பூச்சீனியின் ‘துராந்தோத்’ இசைநாடகத்தில் வரும் ‘நெஸ்ஸூன் தோர்மா’ பாட்டின் முதல் சொல் நெஸ்-ஸூன். இந்த இரட்டிப்பில் அலட்சியம் கூடவே கூடாது. ‘காரோ’ என்றால் அன்புக்குரிய. ‘கார்ரோ’ என்றால் வண்டி.

‘பத்து’, ‘பட்டு’ என்று சொல்லி வளர்ந்த உனக்கு இரட்டிப்பு எளிது. ஒற்றைத் தகரம்தான் சிக்கல். இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்தால் அதை நாம் குழைத்துவிடுவோம், ‘காது’ என்பதில் போல. ‘தெனூதோ’வின் கடைசித் தகரம் அப்படிக் குழையக் கூடாது. ‘பத்து’வின் வன்மை வேண்டும், ஆனால் ஒற்றை மெய்யின் நேரம்தான் எடுக்கவேண்டும். நம் பாடகர்களிடம் நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

அழுத்தம் எப்போதும் வேரில் விழும் என்றும் எண்ணாதே. ‘கான்தோ’வில் முதல் அசை; அதே வேரில் பிறந்த ‘கான்தாபிலே’யில் ‘தா’.

ஆகவே ஒவ்வொரு சொல்லையும் பென்சிலால் இருமுறை எழுது: வேரும் விகுதியும் தெரிய ஒருமுறை, அசை பிரித்து அழுத்தம் குறித்து ஒருமுறை. அகராதியோடு ஒப்பிட்டுக்கொள். பிறகு மெட்டில்லாமல், தாளத்தில் மட்டும் வாய்விட்டுப் படி. அது தடங்கலின்றி வந்தபிறகு பியானோ முன் உட்கார். இப்போது பழகும் பாட்டை இப்படி எழுதி எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா