எனக்கென்று தந்த மந்திரம்

மகரிஷி மகேஷ் யோகி 1957 இறுதியில் சென்னையில் அறிவித்த இயக்கம், 1968-இல் பீட்டில்ஸ் குழுவினர் ரிஷிகேஷில் வந்து தங்கியதும் உலகெங்கும் பேசப்பட்டது. அந்த இயக்கம் கற்றுத்தரும் ஆழ்நிலைத் தியானம் பழக வருபவருக்கு ஆசிரியர் தனியே ஒரு மந்திரம் தருவார். காலையும் மாலையும் இருபது நிமிடம் அதை மனத்துக்குள் சொல்ல வேண்டும். அந்த மந்திரத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் பழகுகிறவர்களுக்குள்ளேயே சச்சரவு ஓய்ந்தபாடில்லை.

நம்பிக்கை: என் இயல்பறிந்து எனக்கென்றே தேர்ந்தெடுத்த மந்திரம் இது.

உண்மை: முன்னாள் ஆசிரியர்கள் வெளியிட்ட பட்டியல்களின்படி வயதே முக்கிய அளவுகோல். பரவலாக அறியப்பட்ட ஒரு பட்டியலில் இருப்பவை 16 மந்திரங்கள். 30 முதல் 34 வயதுக்குள் சேர்பவர்களுக்கு ஒன்று, 35-இல் சேர்பவருக்கு வேறொன்று. ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தைப் பொறுத்துப் பட்டியலும் மாறியிருக்கிறது.

நம்பிக்கை: அது பொருளில்லாத வெறும் ஒலி.

உண்மை: மேலை நாடுகளில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள ஒலிகள் பல ஐம், ஸ்ரீம், ஹ்ரீம் போன்ற பீஜ மந்திரங்களை ஒத்தவை. சரஸ்வதி, லட்சுமி என்று தேவியரை வழிபடுவோர் நெடுங்காலமாக ஜபிப்பவை அவை. 1955-இல் கொச்சியில் பேசிய மகரிஷி, மனத்தைக் கூர்மையாக்க எந்தச் சொல்லும் போதும், ‘மைக்’ என்றாலும் சரி என்றார். அதே பேச்சில், தாம் தெய்வங்களுக்குரிய மந்திரங்களையே தேர்வதாகவும், அவற்றால் அத்தெய்வங்களின் அருள் கிட்டும் என்றும் சொன்னார். வெறும் ஒலி என்பவர், தெய்வ மந்திரம் என்பவர் என இன்று மோதிக்கொள்ளும் இரு கட்சிக்கும் மூலவர் ஒருவரே.

நம்பிக்கை: மதத்துக்கும் இந்தத் தியானத்துக்கும் சம்பந்தமே இல்லை.

உண்மை: மந்திரம் தருமுன் பழம், பூ, புதுக் கைக்குட்டை வாங்கிவரச் சொல்வார்கள். மகரிஷியின் குரு பிரம்மானந்த சரஸ்வதியின் படத்துக்கு முன் ஆசிரியர் சமஸ்கிருதத்தில் பூஜை செய்வார். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில அரசுப் பள்ளிகளில் இது பாடமானபோது வழக்கு எழுந்தது. சமயத் தன்மை கொண்டது, அரசுப் பள்ளியில் கூடாது என்று 1977-இல் தீர்ப்பு வந்தது. 1979-இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. தியானத்தால் பயன் உண்டா என்பது அங்கே கேள்வியாக இருக்கவில்லை.

நம்பிக்கை: மந்திரத்தை யாரிடமும் சொல்லக்கூடாதாம்; ரகசியம் என்றாலே மோசடிதான்.

உண்மை: காதில் ஓதி, வெளியே சொல்லாதே என்பது பழைய உபதேச மரபு. ரகசியமாகப் பெற்ற மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரமேறி ராமானுஜர் ஊரறியச் சொன்னதாகக் குருபரம்பரைக் கதை உண்டு. ஆக, மரபுக்குள்ளேயே இதில் இரு கருத்து. ஆனால் கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்கள் தங்கள் மந்திரங்களை ஒப்பிட்டுப் பார்க்க முடியாமல் போனதும் இந்த ரகசியத்தால்தான்.

நம்பிக்கை: அந்த மந்திரம் இல்லாவிட்டால் பலன் இல்லை.

உண்மை: ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், ஆழ்நிலைத் தியானம் செய்பவர்களை ஆராய்ந்தவர். ‘ஒன்று’ என்ற சாதாரணச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் உடல் தளர்ந்து அமைதியடையும் என்று 1975-இல் நூல் எழுதினார். அந்த முறையும் தங்கள் தியானமும் ஒன்றல்ல என்பது இயக்கத்தாரின் வாதம்.

உடல் இளைப்பாறினால் போதும் என்பவர் எந்தச் சொல்லையும் எடுத்துக்கொள்ளலாம். தெய்வ அருளை நாடுபவருக்கு ஒலியின் தோற்றுவாய் தெரிந்தாக வேண்டும். இந்த ஒலி எந்த மரபிலிருந்து வந்தது, பூஜை யாருக்கு என்று பணம் கட்டுமுன் ஆசிரியரிடம் கேட்பதில் தப்பேதுமில்லை.