சேமலாப நிதி: முதுமைக்கென ஒதுக்கிய சம்பளம்



சம்பளம் கைக்கு வந்ததும் நாம் முதலில் எண்ணுவது கடைப் பாக்கியையும் பிள்ளைகளின் படிப்புச் செலவையுமே. சம்பளத் துண்டில் ‘சேமலாப நிதி’ எனக் கழிக்கப்பட்டிருக்கும் தொகையைப் பலர் ஓர் இழப்பாகவே கருதுகின்றனர். அது இழப்பன்று. உழைக்க இயலாத காலத்துக்கென இன்றே ஒதுக்கி வைக்கப்படும் சம்பளம் அது. அரசாங்க உத்தியோகத்தருக்கு மாதாந்த ஓய்வூதியம் உண்டு. கடையிலும் தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் தனியார் நிறுவனங்களிலும் உழைப்பவருக்கோ பெரும்பாலும் இந்த நிதியே முதுமையின் ஊன்றுகோல். அதனைப் பற்றி இன்று சிறிது படிப்போம்.

சட்டம் தரும் உரிமை

ஊழியர் சேமலாப நிதியம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாயிற்று. தொழில் ஆணையாளர் அதனை நிருவகிக்கிறார். பணம் மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கிறது. இன்றுள்ள விதிப்படி ஊழியரின் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதம் கழிக்கப்படும். முதலாளி தமது பங்காக 12 வீதம் செலுத்த வேண்டும். இந்த 12 வீதத்தை ஊழியரின் சம்பளத்தில் கழிக்க அவருக்கு உரிமையில்லை. நிரந்தர ஊழியர் மட்டுமன்றி, தற்காலிக ஊழியரும் வேலை பழகுபவரும் இதற்கு உரியவர்களே.

இதைவிட, 1980ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்துகிறார். அதில் ஊழியர் சதமேனும் கட்டுவதில்லை.

ஒரு சிறு கணக்கு

மாதம் 50,000 ரூபா பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பங்கு 4,000 ரூபா. முதலாளியின் பங்கு 6,000 ரூபா. மாதம் 10,000 ரூபா வீதம் 30 ஆண்டுகளில் 36 இலட்சம் ரூபா சேரும். இதற்கு வட்டியும் உண்டு. ஆனால் விலைவாசியும் சும்மா இருப்பதில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாக ஏறியதை நாம் மறக்கவில்லை. ஆகவே வட்டியை விலைவாசி விழுங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம்.

ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும், வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இந்தப் பணத்தைப் பெறலாம். அது மாதாந்தமாகவன்றி ஒரே தொகையாகக் கிடைக்கும். அதற்குப் பின் 20 ஆண்டுகள், அதாவது 240 மாதங்கள் வாழ்வோமாயின், 36 இலட்சம் மாதத்துக்கு 15,000 ரூபாவாகிறது. வாங்கிய சம்பளத்தில் மூன்றிலொரு பங்குகூட இல்லை! ஒரு சதமும் குறையாதிருந்தால் கிடைப்பதே இவ்வளவுதான். குறைந்தால் என்னாகும்?

குடத்தில் விழும் ஓட்டைகள்

முதலாவது, இடையில் எடுப்பது. வீட்டுக்கும் வைத்தியத்துக்குமாக, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 30 வீதம் வரை முற்கூட்டியே பெற வழியுண்டு. மேற்சொன்ன 36 இலட்சத்தில் அவ்வளவையும் எடுத்தால் மாதம் 15,000 என்பது 10,500 ஆகிவிடும். திருமணத்தின் காரணமாக வேலையை விடும் பெண்ணும் தமது பணத்தைப் பெறலாம். பெறலாம் என்பதற்காகப் பெற்றே தீர வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது, ஓய்வு பெற்ற ஆண்டிலேயே செலவழிப்பது. மகளின் சீதனம், மகனின் வெளிநாட்டுப் பயணம், வீட்டுக்கு மேல்மாடி எனப் பணம் கரைந்துவிடுகிறது. “பிள்ளைகள் பார்ப்பார்கள்” என்கிறோம். பார்க்க மனமிருந்தும் வசதியற்ற பிள்ளைகளும் உண்டு. பெற்றோர் தம் செலவுக்குப் போதியதை வைத்திருப்பது பிள்ளைகளின் சுமையையும் குறைக்கும்.

மூன்றாவது, அதிக வட்டி என்ற ஆசை. மத்திய வங்கியின் அனுமதியில்லாத இடத்தில் வைப்பிலிடாதீர்கள். அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும்கூட, வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரையே உண்டு. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கோ அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் இருக்கிறது.

சொந்தத் தொழில் செய்வோர்

விவசாயிகளுக்கு 1987இலும், மீனவர்களுக்கு 1990இலும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. ஏனைய சுயதொழிலாளருக்கென 1996ஆம் ஆண்டின் சட்டத்தினால் சமூகப் பாதுகாப்புச் சபை அமைக்கப்பட்டது. பிரதேச செயலகத்தில் விசாரித்தால் விபரம் அறியலாம். எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், வருமானம் வந்த நாளிலேயே ஒரு பங்கை வேறாக்கி வையுங்கள். செலவுக்குப் பின் மிஞ்சுவதைச் சேமிப்போம் என்பவருக்கு மிஞ்சுவது அரிது.

இனிச் செய்ய வேண்டியவை

1. உங்கள் அங்கத்துவ இலக்கத்தை எழுதிப் பத்திரப்படுத்துங்கள். வேலை மாறியிருந்தால் பழைய இலக்கங்களையும் சேர்த்து எழுதுங்கள்.

2. கணக்குக் கூற்றைச் சம்பளத் துண்டுகளோடு ஒப்பிடுங்கள். கழித்த பணம் கணக்கில் சேரவில்லையாயின் தாமதியாது தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள்.

3. பதிவுப் பத்திரங்களில் உங்கள் பெயரும் பிறந்த திகதியும் அடையாள அட்டையில் உள்ளவாறே இருக்கின்றனவா எனப் பாருங்கள். ஓர் எழுத்துப் பிழையும் பிற்காலத்தில் அலைச்சலைத் தரும்.

4. உங்களுக்குப் பின் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்ற நியமனத்தைத் திருமணத்தின் பின் புதுப்பியுங்கள்.

5. சேமலாப நிதி மட்டும் போதாது என்பதை மேற்கண்ட கணக்கு காட்டுகிறது. எனவே மாதந்தோறும் சிறு தொகையேனும் தனியாக வைப்பிலிடுங்கள்.

இந்தக் கணக்கைக் கணவனும் மனைவியும் ஒன்றாக இருந்து பார்ப்பது நல்லது. வீட்டில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த சேமிப்பு, அவர் கண்மூடியபின் எவருக்கும் பயன்படாமலே போகக்கூடும்.